திரை இருண்டால் குற்றவாளி யார்? – வரைகலை அட்டைகளின் பழுது வரலாறு

பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த மேசைக் கணினியொன்று ஒருநாள் படங்காட்ட மறுத்துவிடுகின்றது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கின்றது, விளக்கு எரிகின்றது, திரை மட்டும் இருண்டே கிடக்கின்றது. சில வீடுகளில் திரை முற்றாக இருளுவதில்லை. எழுத்துகளுக்கு நடுவே பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் தோன்றும், படங்கள் துண்டு துண்டாகச் சிதறும், சற்று நேரத்தில் கணினி உறைந்துபோகும். திருத்துபவரிடம் கொண்டுசென்றால், "கிராபிக்ஸ் கார்ட் போய்விட்டது, இந்தப் பழைய பெட்டிக்குச் செலவழிப்பதை விடப் புதிது வாங்குவது நல்லது" என்ற தீர்ப்புக் கிடைக்கின்றது.

அந்தத் தீர்ப்பு பல வேளைகளில் சரியானதுதான். ஆயினும் 'போய்விட்டது' என்றால் எது போய்விட்டது என்று கேட்பவர்கள் குறைவு. வரைகலை அட்டை என்பது ஒரு தனிப்பொருளல்ல. கணக்குப் போடும் சில்லு, நினைவகச் சில்லுகள், மின்சாரத்தைச் சீர்செய்யும் உறுப்புகள், வெப்பத்தை அகற்றும் விசிறி, இவை யாவற்றையும் இணைக்கும் நூற்றுக்கணக்கான பற்றாசுப் புள்ளிகள் என அது ஒரு சிறு ஊர். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அதன் வரலாற்றைப் புரட்டினால், ஒவ்வொரு காலத்திலும் இந்த ஊரின் வெவ்வேறு குடிமகன் முதலில் நோயுற்றமை தெரியவரும். ஒரு காலத்தின் நோய்க்கு இன்னொரு காலத்தின் மருந்தைக் கொடுத்தவர்கள் அட்டையையும் இழந்தார்கள், சில வேளைகளில் கணினியையும் இழந்தார்கள்.

பெருவிரல் வைத்தியம்

1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை அறிமுகஞ் செய்தபோது, அதனைத் திரையோடு இணைப்பதற்கு இரண்டு அட்டைகளை விற்றது. ஒன்று எழுத்துகளை மட்டும் காட்டும் ஒற்றை நிற அட்டை. மற்றையது வர்ண அட்டை. பின்னதில் 16 கிலோபைட் நினைவகம் இருந்தது. 320க்கு 200 புள்ளிகள் கொண்ட படத்தில் நான்கு நிறங்களை அது காட்டும்.

எழுத்து அட்டையின் வரிவடிவங்கள் அதனுள்ளேயே நிரந்தரமாகப் பதியப்பட்டிருந்தன. ஆங்கிலத்துக்கு அது போதும். ஆசிய மொழிகளுக்கு அங்கே இடமில்லை. வான் சுவன்னுகுல் என்பவர் தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து மொழியின் எழுத்துகளில் இக்கணினியில் எழுத விரும்பினார். எழுத்து அட்டையால் அது முடியவில்லை, வர்ண அட்டையின் புள்ளிகளோ மிகப் பருமனானவை. ஆகவே 720க்கு 348 புள்ளிகளைக் காட்டும் அட்டையொன்றைத் தாமே வடிவமைத்தார். 1982இல் வெளிவந்த ஹெர்குலிஸ் அட்டையின் பிறப்பு இதுதான். இலத்தீன் எழுத்தல்லாத மொழியொன்றின் தேவையே உலகெங்கும் விற்பனையான ஒரு வரைகலை அட்டைக்கு வித்திட்டது என்பதைத் தமிழ் எழுத்துருக்களோடு போராடிய நம் தலைமுறையினர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

அக்காலத்தில் பல சில்லுகள் பலகையில் நேரடியாகப் பற்றவைக்கப்படுவதில்லை. கால்கள் கொண்ட சில்லுகளைச் சிறு பொருத்துவாய்களில் செருகி வைப்பார்கள். கணினியை இயக்கும்போது அவை சூடேறி விரியும், நிறுத்தும்போது குளிர்ந்து சுருங்கும். நாள்தோறும் இவ்வாறு விரிந்து சுருங்குவதனால் சில்லு மயிரிழை மயிரிழையாக மேலெழுந்து, ஒருநாள் தொடர்பு அறுந்துவிடும். பழைய திருத்துனர்கள் பெட்டியைத் திறந்ததும் முதலில் செய்வது, ஒவ்வொரு சில்லையும் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது. 1980இல் வெளிவந்த அப்பிள் 3 கணினியில் இத்தொல்லை மிகுந்தபோது, கணினியைச் சில அங்குலம் உயர்த்தி மேசையில் விழவிடுமாறு அந்நிறுவனமே ஆலோசனை கூறியது. கேட்கச் சிரிப்பு வந்தாலும், நோயை அறிந்து சொன்ன மருந்து அது.

இதே காலத்தில் பிறந்த இன்னொரு மரபும் கவனிக்கத்தக்கது. திரை வேலைசெய்யாதபோது கணினி தன் நோயை எவ்வாறு சொல்லும்? ஒலியால் சொல்லும். ஐ.பி.எம். கணினியில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கேட்டால் திரை அட்டையில் கோளாறு என்று பொருள். அவார்ட் நிறுவனத்தின் தொடக்க நிரலும் இதே குறியீட்டைப் பின்பற்றியது. அமெரிக்கன் மெகாட்ரென்ட்ஸ் நிறுவனத்தின் நிரலில் எட்டுக் குறுகிய ஒலிகள் திரை நினைவகத்தின் பழுதைக் குறித்தன. பெட்டிக்குள் இருந்த சிறு ஒலிபெருக்கி பிற்காலத்தில் செலவுக் குறைப்புக்குப் பலியாகி, அதன் இடத்தில் சில தாய்ப்பலகைகளில் சிறு விளக்குகள் வந்தன. பழைய கணினி வைத்திருப்போர் திரையைப் பார்க்குமுன் காதைக் கொடுத்துக் கேட்பது நல்லது.

விசிறி வந்த கதை

1996இல் 3டி.எஃப்.எக்ஸ். நிறுவனத்தின் வூடு அட்டை முப்பரிமாண விளையாட்டுகளை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. அது தனித்து இயங்கும் அட்டையல்ல. வழக்கமான திரை அட்டையிலிருந்து வெளியே வரும் படத்தை ஒரு குறுங்கம்பி வழியாக வாங்கித் திரைக்கு அனுப்பும் துணை அட்டை. ஆதலால் படம் மங்கினால் அட்டையைக் குறைசொல்லுமுன் அந்தக் குறுங்கம்பியைச் சோதிக்க வேண்டியிருந்தது. அந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு விசிறி கிடையாது.

1999இல் என்விடியா தனது ஜீபோர்ஸ் 256 சில்லை வெளியிட்டு, அதற்கு வரைகலைச் செயலி என்ற பெயரைச் சூட்டி விளம்பரப்படுத்தியது. அடுத்த ஆண்டின் இறுதியில் 3டி.எஃப்.எக்ஸ். தனது சொத்துகளை என்விடியாவுக்கு விற்க உடன்பட்டது. போட்டி என்விடியாவுக்கும் கனடாவின் ஏ.ரி.ஐ. நிறுவனத்துக்கும் இடையிலானதாக மாறியது. வேகம் கூடக்கூட வெப்பமும் கூடியது. 2003இன் தொடக்கத்தில் கடைக்கு வந்த ஜீபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ராவின் விசிறி போட்ட இரைச்சலை உலர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரத்தோடு ஒப்பிட்டார்கள். என்விடியா ஊழியர்களே அதனைக் கேலிசெய்து ஒரு காணொளி தயாரித்தார்கள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வாறு அட்டையில் அசையும் உறுப்பு ஒன்று குடியேறியது. அசையும் உறுப்பு தேயும். தூசி சேர்ந்து, எண்ணெய் வறண்டு, விசிறி மெதுவாகச் சுழலத் தொடங்கும். எழுதும்போதும் படிக்கும்போதும் ஒன்றும் தெரியாது. விளையாட்டொன்றையோ உயர்தரக் காணொளியையோ தொடங்கிப் பத்து நிமிடத்தில் கணினி உறையும். சும்மா இருக்கும்போது நன்றாக இருந்து, வேலை கொடுத்ததும் விழுந்தால் முதலில் ஐயுற வேண்டியது வெப்பத்தை. சில்லுக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே பூசப்பட்ட பசை பல ஆண்டுகளில் காய்ந்து வெடித்திருக்கும். தூசியை அகற்றி, பசையைப் புதுப்பித்து, விசிறியை மாற்றியதும் உயிர்பெற்ற அட்டைகள் ஏராளம்.

வீங்கிய தகரக் குப்பிகள்

2000ஆம் ஆண்டை அடுத்து புதியதொரு நோய் பரவியது. தாய்ப்பலகைகளிலும் வரைகலை அட்டைகளிலும் மின்வழங்கிகளிலும் சிறு உருளைகளாக நிற்பவை கப்பாசிட்டர்கள். பாடநூல்கள் இவற்றைக் கொள்ளளவி என்கின்றன. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது இவற்றின் பணி. இவற்றுள் உள்ள திரவக் கலவை சரியாக அமையாதபோது அதிலுள்ள நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். குப்பியின் தலை வீங்கும், பின்னர் வெடித்துப் பழுப்பு நிறக் கசிவு வெளிவரும்.

யப்பானிய நிறுவனமொன்றின் கலவைக் குறிப்பு அரைகுறையாகத் திருடப்பட்டுத் தாய்வான் தொழிற்சாலைகளுக்குச் சென்றதே காரணம் என்றொரு கதை 2002, 2003இல் பரவலாகப் பேசப்பட்டது. அக்கதை எல்லாவற்றையும் விளக்கவில்லை. டெல் நிறுவனத்தின் ஒப்டிபிளெக்ஸ் மேசைக் கணினிகளில் வெடித்தவை பெயர்பெற்ற யப்பானிய நிறுவனம் ஒன்றின் கப்பாசிட்டர்கள். 2005இல் டெல் இதற்காக 300 மில்லியன் டொலரை ஒதுக்கியது. 2010இல் நீதிமன்ற ஆவணங்கள் வெளியானபோது, 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்கப்பட்ட குறைந்தது 11.8 மில்லியன் கணினிகள் இந்த ஆபத்துக்குள்ளானவை என்பது தெரியவந்தது. ஒஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் முறையிட்டபோது, கடினமான கணிதக் கணக்குகளைச் செய்வித்து இயந்திரங்களைக் களைப்படையச் செய்துவிட்டார்கள் என்ற தோரணையில் பதில் கிடைத்ததாம். பழுதின் காரணத்தை அறிய விரும்பாதவர்கள் பாவித்தவர் மீது பழிபோடுவது புதிய வழக்கமல்ல.

இந்த நோயின் அடையாளம் கண்ணுக்கே தெரியும். நல்ல கப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். வீங்கியிருந்தால் அட்டையின் சில்லு நலமாகவே இருக்கக்கூடும், அதற்குச் செல்லும் மின்சாரந்தான் சீர்கெட்டிருக்கும். அனுபவமுள்ளவர் சில மலிவான உறுப்புகளை மாற்றி அட்டையை மீட்டுவிடலாம். பின்னாளில் திரவமற்ற திண்மக் கப்பாசிட்டர்களைப் பொருத்தி, அதனையே விற்பனை விளம்பரமாகப் பெட்டியில் அச்சிட்டார்கள்.

மென்பொருளின் பங்கு

எல்லாப் பழியும் வன்பொருளுக்குரியதன்று. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்தா பொதுமக்களுக்கு வந்தபோது வரைகலை அட்டைகளை இயக்கும் இயக்கிகள் முற்றாகத் திருத்தி எழுதப்பட வேண்டியிருந்தன. பின்னர் வழக்கொன்றில் வெளியான மைக்ரோசொப்ட் ஆவணங்களின்படி, 2007இல் பதிவான விஸ்தா முறிவுகளில் 28.8 சதவீதம் என்விடியா இயக்கிகளால் ஏற்பட்டவை. எத்தனை நல்ல அட்டைகள் அவ்வாண்டில் குப்பைக்குச் சென்றனவோ!

இயக்கியா, அட்டையா என்று பிரித்தறிய எளிய வழியுண்டு. கணினியைத் தொடங்கியதும், விண்டோஸ் ஏறுவதற்கு முன்னரே, தயாரிப்பாளரின் இலச்சினையும் எழுத்துகளும் தோன்றுகின்றனவல்லவா? அந்நேரத்தில் இயக்கி இன்னும் விழிக்கவில்லை. அப்போதே புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால் இயக்கி குற்றமற்றது. அட்டை, திரை, கம்பி ஆகிய மூன்றில் ஒன்றே சந்தேகத்துக்குரியது. தொடக்கம் தெளிவாக இருந்து விண்டோஸ் ஏறிய பின்னரே குழப்பம் என்றால், பாதுகாப்பு முறையில் இயக்கிப் பார்த்து, பழைய இயக்கியை நீக்கி, அந்த அட்டைக்கு உரியதை மீண்டும் நிறுவ வேண்டும்.

அடுப்பில் வைத்த அட்டைகள்

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணுப் பொருள்களில் ஈயத்தின் பாவனை கட்டுப்படுத்தப்பட்டது. நூற்றாண்டுக் காலம் பழகிய ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகும். அதற்குப் பதிலாக வந்த, வெள்ளீயத்தோடு வெள்ளியும் செம்பும் சேர்ந்த பற்றாசு உருக ஏறத்தாழ 217 பாகை வேண்டும். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் வரைகலைச் சில்லுகள் கூட்டங் கூட்டமாகச் செயலிழந்தபோது, ஈயம் போனதுதான் காரணம் என்று பலர் முடிவுகட்டினர்.

உண்மை அதனினும் நுட்பமானது. 2008 ஜூலை 2ஆம் திகதி என்விடியா, மடிக்கணினிகளுக்கான தனது முந்தைய தலைமுறைச் சில்லுகள் சிலவற்றில் சில்லையும் அதன் உறையையும் இணைக்கும் பொருள்கள் பலவீனமானவை என ஒப்புக்கொண்டு, 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சில்லின் அடியில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் இருக்கும் பற்றாசுக் குமிழ்கள் வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்கி வெடிப்புற்றன. அந்தக் குமிழ்கள் ஈயம் மிகுந்தவை. ஐரோப்பியச் சட்டமும் அவ்வகைப் பற்றாசுக்கு விலக்களித்திருந்தது. குமிழ்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிரப்புப் பொருள் சூட்டில் இளகிவிட்டது என்பதே நிபுணர்கள் சுட்டிய குறை. அதே சில்லுக் குடும்பங்கள் மேசைக் கணினிகளிலும் இருந்தமையால் அவற்றின் கதி என்ன என்ற கேள்வியும் எழுந்தது. நிறுவனத்தின் அறிவிப்பு மடிக்கணினிகளோடு நின்றுகொண்டது.

மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியிலும் இதற்கு ஒப்பான கதை நிகழ்ந்தது. செந்நிற வளையம் ஒளிர்ந்து செத்துப்போன அப்பெட்டிகளுக்காக 2007 ஜூலையில் அந்நிறுவனம் 1.05 முதல் 1.15 பில்லியன் டொலர் வரை செலவாகும் என அறிவித்தது. 2021இல் வெளியான ஆவணப்படத்தில், பெட்டியை இயக்குவதும் நிறுத்துவதுமான சூடு-குளிர் மாற்றத்தால் உறுப்புகளுக்குள்ளே இருந்த இணைப்புகள் முறிந்தன என்று அந்நிறுவனத்தின் பொறியியலாளரே கூறினார்.

இக்காலத்தில்தான் 'அடுப்பு வைத்தியம்' புகழ்பெற்றது. 2006 நவம்பரில் வெளிவந்த ஜீபோர்ஸ் 8800 போன்ற அட்டைகளை, விசிறியையும் நெகிழி உறுப்புகளையும் கழற்றிவிட்டு, வீட்டு அடுப்பில் ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் பத்து நிமிடமளவு வைத்து எடுத்தார்கள். வியப்பு என்னவென்றால், பல அட்டைகள் எழுந்து வேலைசெய்தன! பற்றாசு உருகி மீண்டும் ஒட்டிக்கொண்டது என்று மகிழ்ந்தார்கள். ஆனால் ஈயமற்ற பற்றாசு 200 பாகையில் உருகாது. சில்லினுள் வெடித்த குமிழ்கள் வெப்பத்தில் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன என்பதே பொருத்தமான விளக்கம். ஆகவேதான் சில வாரங்களிலோ மாதங்களிலோ அவை மீண்டும் விழுந்தன. சாப்பாடு சமைக்கும் அடுப்பில் ஈயமும் இரசாயனப் புகையும் கலப்பது வேறு கேடு. இந்த நோய்க்கு மருந்து அடுப்பில் இல்லை. குமிழ் வெடித்த சில்லை மாற்றுவதைத் தவிர வேறு நிலையான வழி கிடையாது, பழைய அட்டைக்கு அந்தச் செலவும் கட்டாது. கடைக்காரரின் 'போய்விட்டது' என்ற தீர்ப்பு முழுமையாகப் பொருந்துவது இங்கேதான்.

வரலாறு தரும் வரிசை

மேலே கண்ட நோய்களில் ஒன்றிலேனும் கணக்குப் போடும் சிலிக்கன் தானாகத் தேய்ந்து இறக்கவில்லை. பொருத்துவாயில் தொடர்பு அறுந்தது, விசிறியில் அச்சுத் தேய்ந்தது, கப்பாசிட்டரில் திரவம் கசிந்தது, உறைக்குள் குமிழ் வெடித்தது. பழுது குடியிருந்தது மூட்டுகளிலும் துணை உறுப்புகளிலும். அண்மைய உதாரணமும் இதற்கு விலக்கல்ல. 2022 ஒக்டோபரில் வெளிவந்த 450 வாற்று ஜீபோர்ஸ் ஆர்.ரி.எக்ஸ். 4090 அட்டையில், 76 பில்லியனுக்கு மேற்பட்ட திரான்சிஸ்டர்கள் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்க, உருகியது மின்கம்பியின் செருகி. செருகி முழுமையாக உட்செல்லாமை முக்கிய காரணமென நிறுவனம் கூறியது. அடுத்த ஆண்டில் அச்செருகியின் வடிவமைப்பே திருத்தப்பட்டது. 1981இன் பெருவிரல் அழுத்தத்துக்கு இன்னும் வேலையிருக்கின்றது.

ஆகவே பழைய மேசைக் கணினியின் திரை இருண்டால், எளியதும் செலவற்றதுமான மூட்டிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் திரையையும் அதன் கம்பியையும் வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் மின்சாரத்தைத் துண்டித்து, செருகியைச் சுவரிலிருந்து கழற்றி, உடலிலுள்ள நிலைமின்னை அகற்றப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, அட்டையை வெளியே எடுத்து அதன் பொன்னிறத் தொடுவிளிம்பைத் துடைத்து மீண்டும் உறுதியாகச் செருக வேண்டும். துணை மின்கம்பி உண்டாயின் அதனையும் அவ்வாறே செருக வேண்டும். விசிறி தடையின்றிச் சுழல்கின்றதா, கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக உள்ளதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மின்வழங்கியும் மூப்படையும் என்பதை மறக்கலாகாது; அதன் வலு குறைந்தாலும் பழி அட்டைக்கே வந்து சேரும். தாய்ப்பலகையிலேயே திரை இணைப்பு இருந்தால், அட்டையை அகற்றிவிட்டு அதில் இணைத்துப் பார்ப்பது மிகச் சிறந்த சோதனை. படம் வந்தால் சந்தேகம் பெரும்பாலும் அட்டையின் மீதே விழும். வராவிட்டால், புதிய அட்டை வாங்கியிருந்தால் அந்தப் பணம் வீணாகியிருக்கும்.

இறுதியாக, இந்த விவகாரத்தில் பணத்தை விடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. திரை இருண்டுவிட்டால் உள்ளே இருந்ததும் அழிந்துவிட்டது என்று எண்ணி முழுப் பெட்டியையும் பழைய இரும்புக்குக் கொடுத்தவர்கள் பலர். எழுதியவை இருப்பது வன்தட்டில். வரைகலை அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரைகள், ஊர்க் கதைகள், மலர்களின் கையெழுத்துப் பிரதிகள், குடும்பப் படங்கள் எத்தனையோ அத்தகைய தட்டுகளில் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதி இல்லை.

அட்டை போகலாம், கணினியும் போகலாம். கொடுக்குமுன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.